வேலூருக்குப் புதிதாகக் குடிவரும் பெண்களுக்கு: அங்கன்வாடியிலிருந்து மகளிர் குழு வரை ஒரு வழிகாட்டி

வேலூர்ச் சுற்றுவட்டாரத்தில் புதிதாகக் குடியேறும் பெண்கள் ஒரே வகையினர் அல்லர். சவ்வாது மலையிலிருந்தும் திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் வேலை தேடி வருபவர்கள் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளையும் காலணித் தொழிற்சாலைகளையும் நம்பி வருபவர்கள் உண்டு. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ கட்டட வேலைக்கு வந்த கணவரோடு, கைக்குழந்தையுடன் வந்து, பகலெல்லாம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பவர்கள் உண்டு. சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து, சிகிச்சை நீள நீள, தோட்டப்பாளையத்துச் சந்துகளில் மாதக்கணக்கில் தங்கிவிடுபவர்களும் உண்டு. திருமணமாகிப் புகுந்த ஊருக்கு வந்து, தெருவில் ஒருவரையும் தெரியாமல் விழிக்கும் பெண்ணும் இந்தக் கணக்கில் சேர்ந்தவர்தான்.

இந்தக் கட்டுரை, தமிழ் படிக்கத் தெரிந்த புதியவர்களுக்காகவும், தமிழ் தெரியாத பெண்களுக்குக் கை கொடுக்க நினைக்கும் அண்டைவீட்டார், வீட்டு உரிமையாளர், மகளிர் குழுவை முன்னின்று நடத்தும் ஊக்குநர் ஆகியோருக்காகவும் எழுதப்படுகிறது.

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு எல்லாரும் சொல்லும் முதல் யோசனை, "ஆதாரில் அட்ரஸை மாத்திட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்பதாகவே இருக்கிறது. என் பரிந்துரை இதற்கு நேர்மாறானது. முகவரியை மாற்ற வேண்டுமென்றால் அதற்குச் சான்று வேண்டும். சான்று கொடுக்க உங்களைத் தெரிந்த ஒருவர் வேண்டும். ஊரில் ஒருவரும் தெரியாத நிலையில் அந்தச் சான்றை யாரிடம் வாங்குவது? ஆகவே, காகிதம் கேட்காத இடங்களுக்கு முதலில் போய்ப் பழக வேண்டும், அந்தப் பழக்கத்தைக் கொண்டு காகிதங்களைச் சரிசெய்ய வேண்டும், அதற்குப் பிறகு குழுவில் சேர வேண்டும். கீழே உள்ள படிகள் இந்த வரிசையில்தான் அமைந்திருக்கின்றன.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 'பெண்கள் சமுதாய மையம்' என்று பலகை மாட்டிய ஒரே கட்டடத்தைத் தேடி அலைய வேண்டாம். நம் ஊரில் அந்த மையத்தின் வேலைகளை அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம், மகளிர் குழுக் கூட்டமைப்பின் கட்டடம், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் சகி மையம், ஆட்சியர் அலுவலகத்து மகளிர் திட்ட அலுவலகம் ஆகியவை பிரித்துச் செய்கின்றன. எந்தக் கதவை எதற்குத் தட்டுவது என்று தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

முதற்படி: நீங்கள் குடியிருப்பது எந்த மாவட்டம், எந்த வார்டு?

இது சிறிய விஷயம்போலத் தோன்றும். ஆனால் பலரும் ஒரு நாள் கூலியை இழப்பது இங்கேதான். 1989-இல் வட ஆற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்து திருவண்ணாமலை தனியானது; 2019-இல் வேலூர் மாவட்டம் மறுபடியும் பிரிந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. பேச்சு வழக்கில் இன்னமும் எல்லாவற்றையும் 'வேலூர் மாவட்டம்' என்றே சொல்கிறார்கள். ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ குடியிருக்கும் பெண், யாரோ சொன்னார்கள் என்று சத்துவாச்சாரியில் உள்ள வேலூர் ஆட்சியர் அலுவலகத்துக்குப் பேருந்து ஏறி வந்தால், அவரைத் திருப்பத்தூருக்குப் போகச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். மேல்விஷாரம், ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம், சோளிங்கர் ஆகியவை ராணிப்பேட்டை மாவட்டத்தைச் சேர்ந்தவை. காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு, கே.வி. குப்பம், அணைக்கட்டு ஆகியவை வேலூரைச் சேர்ந்தவை.

நகரமாக இருந்தால் வார்டு எண்ணையும், கிராமமாக இருந்தால் ஊராட்சியின் பெயரையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு உரிமையாளரின் வீட்டு வரி ரசீதில் வார்டு எண் இருக்கும். அவர் காட்டத் தயங்கினால், தெருமுனை ரேஷன் கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

இரண்டாம் படி: அங்கன்வாடிக்குப் போங்கள்

ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தை உங்களுக்கு இருந்தாலோ, நீங்கள் கருவுற்றிருந்தாலோ, பாலூட்டும் தாயாக இருந்தாலோ, பக்கத்து அங்கன்வாடியில் பதிவு செய்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. இங்கே ரேஷன் அட்டை கேட்பதில்லை. எந்த மாநிலம் என்பதும் தடையில்லை. சொந்த ஊரில் ஏற்கெனவே ஓர் அங்கன்வாடியில் பதிவாகியிருந்தால், அந்தப் பதிவை இங்கே மாற்றிக்கொள்ளும் வசதி பணியாளர் கையிலுள்ள போஷண் டிராக்கர் செயலியில் இருக்கிறது. தாயின் ஆதார் எண் கையிலிருந்தால் வேலை எளிதாக முடியும். குழந்தைக்கு ஆதார் எடுக்கவில்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது.

சத்துமாவும் முட்டையும் முக்கியம்தான். என்றாலும் புதியவருக்கு அங்கன்வாடி தரும் பெரிய நன்மை வேறு. தெருவில் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், எந்த வீட்டில் மகப்பேறு, எந்த வீட்டில் தகராறு என்பதையெல்லாம் அங்கன்வாடிப் பணியாளர் அறிவார். அவரை எல்லாரும் 'டீச்சர்' என்றே அழைப்பார்கள். நீங்களும் அப்படியே அழைக்கலாம். குழந்தையை விடப் போகும்போது கதவருகே விட்டுவிட்டு ஓடிவிடாமல், பத்து நிமிடம் அங்கே நில்லுங்கள். மற்ற தாய்மார்கள் வருவார்கள். "புதுசா வந்திருக்கீங்களாம்மா? எந்த வீடு?" என்று யாராவது கேட்பார்கள். நீங்கள் சொல்லும் பதிலை அன்று மாலைக்குள் தெருவில் பாதிப்பேர் தெரிந்துகொண்டிருப்பார்கள். அதில் ஒன்றும் கெடுதலில்லை, அதற்காகத்தான் போகிறோம்.

குழந்தை இல்லாத பெண்ணுக்கும், வேலை காரணமாகப் பகலில் போக முடியாத பெண்ணுக்கும் இந்த வழி பயன்படாது. அவர்கள் நேராக நான்காம் படிக்குப் போகலாம்.

ஆறு வயதைத் தாண்டிய பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்க்க மாற்றுச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது.

மூன்றாம் படி: உடல்நலமும் காகிதங்களும்

கருவுற்றிருப்பவர்கள் தள்ளிப்போடக் கூடாத வேலை ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பமும் அரசின் பிக்மி இணையதளத்தில் பதிவாகி, தாய்க்கு ஆர்.சி.எச். எண் என்ற 12 இலக்க எண் வழங்கப்படுகிறது. குழந்தை பிறந்தபின் பிறப்புச் சான்றிதழ் பெற இந்த எண் கேட்கப்படும். வேறு மாநிலத்திலிருந்து ஏழாம் எட்டாம் மாதத்தில் வந்து இறங்கும் பெண்களுக்கு இது தெரிவதில்லை. பிரசவமான பிறகு எண்ணுக்காக அலைகிறார்கள். வந்த வாரத்திலேயே கிராம சுகாதாரச் செவிலியரிடமோ நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிவு செய்துவிடுங்கள். 102 என்ற எண்ணை அழைத்தும் முன்பதிவு செய்யலாம். சொந்த ஊரில் கொடுத்த தாய் சேய் நல அட்டை, தடுப்பூசி விவரம், ஸ்கேன் அறிக்கை எதுவானாலும் கையோடு கொண்டுபோங்கள். அது எந்த மொழியில் இருந்தாலும் தேதிகளும் எண்களும் செவிலியருக்குப் புரியும். குழந்தைகளுக்கான தடுப்பூசி புதன்கிழமைகளில் போடப்படுகிறது.

பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் சமூக சுகாதாரத் துறை மருத்துவமனையும், கே.வி. குப்பம் வட்டாரத்தில் 1977 முதல் இயங்கிவரும் ரூசா என்ற சி.எம்.சி.யின் ஊரக மையமும் சுற்றுக் கிராமங்களில் குறைந்த செலவில் மருத்துவம் செய்கின்றன. ரூசா மருத்துவத்தோடு நிற்காமல் மகளிர் குழுக்கள், தொழிற்பயிற்சி போன்றவற்றிலும் நெடுங்காலமாக வேலை செய்துவருவதால், அந்த வட்டாரத்தில் குடியேறுபவர்கள் அங்கே ஒருமுறை போய் விசாரிப்பது நல்லது.

இனி ரேஷன். தமிழ்நாட்டுக்குள்ளேயே இடம் மாறியவர்கள் அட்டையை உடனே மாற்ற வேண்டியதில்லை. 2020 அக்டோபர் முதல், எந்த ஊர் அட்டையாக இருந்தாலும் விரல் ரேகை வைத்து வேறு ஊர்க் கடையில் பொருள் வாங்கலாம். பிற மாநிலத்தவர்களில், தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அட்டை வைத்திருப்பவர்கள் 'ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை' ஏற்பாட்டின்படி தங்கள் பங்குத் தானியத்தை இங்கே பெறலாம். குடும்பத்தில் ஒரு பாதியினர் ஊரிலும் மறுபாதியினர் இங்குமாக இருந்தால், பங்கைப் பிரித்தும் வாங்கலாம். கடைக்காரர் மறுத்தால் சண்டை போட வேண்டாம். 1967 என்ற எண்ணில் புகார் சொல்லுங்கள். மகளிர் உரிமைத் தொகை போன்ற மாநில அரசின் உதவிகளுக்குத் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை தேவை என்பதால், இங்கேயே நிலைத்துவிட முடிவு செய்தவர்கள் புது அட்டைக்கு விண்ணப்பிப்பது தனி வேலை.

ஆதாரில் முகவரி மாற்றுவதற்கு வாடகை ஒப்பந்தம் இல்லையென்றால் பதற வேண்டாம். பெரும்பாலான வீட்டு உரிமையாளர்கள் வாய்ப்பேச்சில் வீட்டைக் கொடுத்துவிட்டு, எழுதித் தரச் சொன்னால் தயங்குவார்கள். ஆதார் ஆணையத்தின் சான்றுப் படிவத்தில் மாமன்ற அல்லது நகர்மன்ற உறுப்பினர் புகைப்படம் ஒட்டிக் கையெழுத்திட்டுக் கொடுத்தாலும் அது முகவரிச் சான்றாக ஏற்கப்படும். அந்த உறுப்பினருக்கு உங்களைத் தெரியாது. ஆனால் அங்கன்வாடி டீச்சரைத் தெரியும். "இவங்க நம்ம தெருதான் சார், பாப்பா நம்மகிட்டதான் வருது" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரண்டாம் படியை முதலில் வைத்ததன் காரணம் இதுதான்.

அமைப்புசாரா வேலை செய்பவர்கள், 16 வயது முதல் 59 வயது வரை, இ-சேவை மையத்தில் இ-ஷ்ரம் எனப்படும் அமைப்புசாராத் தொழிலாளர் பதிவையும் முடித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: மகளிர் குழுவில் சேர்வது

இந்த வழிகாட்டியில் அதிகப் பொறுமை தேவைப்படும் படி இது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு இயக்கம் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியது. 1983-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் அதை மாநிலம் முழுவதும் கொண்டுசென்றது. மாவட்டத்தில் அதன் கிளைதான் 'மகளிர் திட்டம்' என்று பலகை மாட்டிய அலுவலகம். ஒரு குழுவில் பொதுவாக 12 முதல் 20 பெண்கள் இருப்பார்கள். பல குழுக்கள் சேர்ந்தது கிராமத்தில் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு, நகரத்தில் பகுதி அளவிலான கூட்டமைப்பு.

உங்கள் தெருவில் எந்தக் குழு, என்றைக்குக் கூடுகிறது என்று அங்கன்வாடியிலோ அண்டைவீட்டாரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். போன உடனே "என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்க வேண்டாம். "உட்கார்ந்து பார்க்கலாமா அக்கா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை.

கூட்டம் எப்படி நடக்கும் என்று தெரிந்துகொண்டு போனால் கூச்சம் குறையும். கூட்டமைப்புக் கட்டடத்திலோ கோவில் மண்டபத்திலோ ஊக்குநரின் வீட்டுத் திண்ணையிலோ பாய் விரித்து வட்டமாக உட்காருவார்கள். நடுவில் தகரப் பெட்டி ஒன்றும் நீள நோட்டுகள் சிலவும் இருக்கும். முதலில் வருகைப் பதிவு. அடுத்துச் சென்ற கூட்டத்தின் தீர்மானத்தை ஒருவர் உரக்கப் படிப்பார். பிறகு ஒவ்வொருவராகச் சேமிப்புத் தொகையைப் பாயின் மேல் வைப்பார்கள். வாங்குபவர் அதை எல்லார் கண் முன்னும் எண்ணி, தொகையை வாய்விட்டுச் சொல்லி, பொது நோட்டிலும் உறுப்பினரின் பாஸ்புக்கிலும் எழுதுவார். அடுத்து, உள்கடன், அதாவது குழுவின் பணத்திலிருந்தே வாங்கிய கடன், திரும்பக் கட்டுபவர்கள். அதற்கும் அடுத்து, புதிதாகக் கடன் கேட்பவர்கள். "பையனுக்கு ஃபீஸ் கட்டணும்" என்று ஒருவரும் "ஆடு வாங்கணும்" என்று இன்னொருவரும் கேட்டால், யாருக்கு முதலில் என்பதைக் குழுவே பேசித் தீர்க்கும். கடைசியில் எல்லாரும் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடுவார்கள். கைநாட்டு வைப்பவர்களும் உண்டு. அதைப் பற்றி யாரும் குறையாக நினைப்பதில்லை.

நல்ல குழுவை அடையாளம் காண நான் பார்ப்பது பணம் எண்ணப்படும் விதத்தைத்தான். எல்லார் முன்னாலும் எண்ணி, அந்த இடத்திலேயே பாஸ்புக்கில் எழுதினால் அது நம்பத்தக்க குழு. ஊக்குநர் பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு "வீட்டுல போய் எழுதிக்கிறேன்" என்று சொல்லும் குழுவில், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், சேர வேண்டாம்.

நான்கைந்து கூட்டங்களுக்குப் பிறகு சேர விரும்புவதைச் சொல்லுங்கள். அப்போது ஒரு கேள்வி நிச்சயம் வரும்: "நீங்க எவ்வளவு நாள்ம்மா இங்க இருப்பீங்க? நாளைக்கு கடனை வாங்கிட்டு ஊருக்குப் போயிட்டா நாங்கதானே கட்டணும்?" இந்தக் கேள்வியை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வங்கிக் கடன் குழுவின் பேரில் வருகிறது. ஒருவர் கட்டாவிட்டால் குழு முழுவதன் பெயரும் கெடும். ஆகவே அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பதிலாக நீங்கள் ஒரு நிபந்தனையை முன்வையுங்கள்: முதல் ஆறு மாதம் சேமிப்பு மட்டும் செய்கிறேன், கடன் கேட்கவில்லை, அதன் பிறகு உள்கடன், அதுவும் என் சேமிப்பு அளவுக்குள், ஒரு வருடம் கழித்து வங்கிக் கடனில் பங்கு. இப்படிப் பேசுபவரை மறுப்பது எந்தக் குழுவுக்கும் கடினம்.

அப்படியும் இடமில்லை என்றால், புதிய குழு தொடங்கலாம். ஒரே தெருவில் அல்லது ஒரே குடியிருப்பில் 12 பெண்கள் சேர்ந்தால் போதும். வாரம் தவறாமல் கூடுவது, வாரம் தவறாமல் சேமிப்பது, உள்ளுக்குள் கடன் கொடுப்பது, காலத்தில் திருப்பிக் கட்டுவது, கணக்கு எழுதுவது ஆகிய ஐந்தையும் குறைந்தது ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தால் வங்கிக் கடனுக்குத் தகுதி கிடைக்கும். இத்தகைய குழுக்களுக்கு 10 இலட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு வங்கி பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வங்கியில் அலையவிட்டால், கூட்டமைப்பின் சமுதாயப் பயிற்றுநரையோ மகளிர் திட்ட அலுவலரையோ கூட அழைத்துச் செல்லுங்கள்.

மேல்மொணவூர் போன்ற இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் மகளிர் குழுக்கள் முகாமுக்குள்ளேயே இயங்குகின்றன. அங்கே புதிதாக வருபவர் வெளியே தேட வேண்டியதில்லை.

இடையில் ஓர் எச்சரிக்கை: எல்லாக் 'குழு'வும் மகளிர் குழு அன்று

வேலூரின் குறுகிய தெருக்களில், அதிலும் பீடி சுற்றும் குடும்பங்கள் மிகுந்த பகுதிகளில், காலையில் பைக்கில் வந்து பெண்களை ஒரு வீட்டு வாசலில் கூட்டி வாரத் தவணை வசூலிப்பவர்களைப் பார்க்கலாம். தனியார் நிதி நிறுவனத்தின் 'குழு லோன்' அது. அதில் சேமிப்பு இல்லை, தீர்மான நோட்டு இல்லை, வட்டியை நீங்கள் தீர்மானிப்பதும் இல்லை. மகளிர் குழுவின் உள்கடனில் நூற்றுக்கு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று நீங்களே பேசி வைக்கும் வட்டி, குழுவின் பெட்டிக்கே திரும்பி வருகிறது. மற்றதில் அது வெளியே போகிறது. அப்படிப்பட்ட கடன் எப்போதும் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அவசரத்துக்கு அதைத் தவிர வழியில்லாத வீடுகள் இருக்கின்றன. ஆனால், ஊருக்கு வந்த புதிதில், தெரியாத மூன்று பெண்களின் கடனுக்குக் கூட்டாகக் கையெழுத்துப் போடுவதைத் தவிருங்கள். தவணை தவறியவர்களைக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ தொடர்புகொள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. கட்டாயக் கடன் வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2025-இல் தனிச் சட்டமும் கொண்டுவந்துள்ளது. வாசலில் நின்று கத்துபவரிடம் இதைச் சொல்லும் துணிவு தனியாக இருக்கும் பெண்ணுக்கு வராது. நான்கு பேர் சேர்ந்து நின்றால் வரும்.

ஐந்தாம் படி: வேலை செய்யும் இடம்

காலணித் தொழிற்சாலைகளின் வேன்கள் கிராமங்களுக்கே வந்து பெண்களை ஏற்றிச் செல்கின்றன; ஆம்பூர்ப் பக்கத்தில் ஷூவின் மேற்பகுதியை வீட்டுக்கே வாங்கி வந்து கையால் தைத்துக் கொடுப்பவர்களும் மிகுதி. தொழிற்சாலையில் சேர்பவர்கள் முதல் மாதச் சம்பளச் சீட்டிலேயே இ.எஸ்.ஐ., பி.எஃப். பிடித்தம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவர்கள் இ.எஸ்.ஐ. திட்டத்தில் வருவார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்பது 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட விதி. வீட்டில் தைப்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்புகள் கிட்டுவதில்லை. அவர்களுக்குக் குழுவும் அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியமும்தான் துணை.

பணியிடத்தில் பாலியல் தொல்லை இருந்தால், 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழுவிடமும், அதற்குக் குறைவானவர்கள் உள்ள இடத்திலும் வீட்டு வேலை செய்யும் இடத்திலும் மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவிடமும் எழுத்தில் கொடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் கொடுப்பது முக்கியம்; தகுந்த காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம்.

செங்கல் சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டும் வேலை ஆகியவற்றுக்கு முன்பணம் வாங்கி வந்த குடும்பங்களின் நிலை வேறு. முன்பணம் தீரும்வரை வெளியே போகக் கூடாது என்று தடுத்து வைத்தால், அது 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமை முறை; வருவாய்க் கோட்டாட்சியரிடம் தகவல் போய்ச் சேர வேண்டும். உள்ளே இருக்கும் பெண்ணால் போக முடியாது என்பதால், இந்தத் தகவலைக் கொண்டுபோவது வெளியே இருப்பவர்களின் வேலை. பழைய வட ஆற்காட்டுப் பகுதியில் இருளர் குடும்பங்கள் இந்தப் பிடியிலிருந்து மீட்கப்பட்டது பலமுறை நடந்த ஒன்று.

தனியாக வேலைக்கு வரும் பெண்கள் தங்குவதற்கு, அரசின் 'தோழி' மகளிர் விடுதி வேலூரிலும் இருக்கிறது. போக்குவரத்துக்குக் கவலை வேண்டாம்: சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குப் பயணச்சீட்டு இலவசம், நடத்துநர் எந்த அட்டையும் கேட்பதில்லை.

ஆறாம் படி: வீட்டிலோ வெளியிலோ வன்முறை என்றால்

இந்தப் படிக்கு வரிசை கிடையாது. தேவைப்பட்ட அன்றே இதற்கு வந்துவிட வேண்டும். 181 என்ற மகளிர் உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது. அங்கிருந்து 'சகி' எனப்படும் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழிகாட்டுவார்கள். ஒன்றிய அரசின் திட்டமாக 2015-இல் தொடங்கிய இந்த மையங்களில் மருத்துவ உதவி, காவல் துறை உதவி, சட்ட ஆலோசனை, உளவியல் ஆலோசனை ஆகியவற்றோடு ஐந்து நாள் வரை தற்காலிகத் தங்குமிடமும் கிடைக்கும். குழந்தைகளை அழைத்துக்கொண்டு போகலாம். அதற்கு மேல் தங்க வேண்டியிருந்தால் வேறு இல்லத்துக்கு மாற்றி அனுப்புவார்கள். வழக்குத் தொடுக்க வேண்டும் என்பது கட்டாயமில்லை.

சட்ட உதவிக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்; 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் வழக்கறிஞரை இலவசமாக அமர்த்தித் தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். வேற்று மாநிலப் பெண்ணுக்கும் இது பொருந்தும்.

குழுவில் ஏற்கெனவே இருப்பவர்களுக்குச் சில சொற்கள்

மொழி தெரியாத பெண் ஒருவர் உங்கள் கூட்டத்துக்கு வந்தால், அவருக்காகப் பேச ஆள் தேடி வெகுதூரம் போக வேண்டாம். கஸ்பா, ஆர்.என். பாளையம், ஆம்பூர், மேல்விஷாரம் பக்கங்களில் உருது பேசும் பெண்களால் இந்தி பேசும் பெண்ணோடு தாராளமாகப் பேச முடியும், காட்பாடி, குடியாத்தம் பக்கத்தில் தெலுங்கு தெரியாத தெரு குறைவு, சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள கடைகளில் வங்காளம் பேசும் ஆள் கிடைப்பார். இந்த ஊருக்கு இது பெரிய வசதி. இதை நாம் வியாபாரத்துக்குப் பயன்படுத்தும் அளவுக்கு மற்றவற்றுக்குப் பயன்படுத்துவதில்லை. தீர்மானத்தைப் படித்து முடித்ததும், உருது தெரிந்த உறுப்பினர் ஒருவர் அதை இரண்டு வாக்கியத்தில் சொல்லட்டும். புதியவருடைய பாஸ்புக்கில் எண்களைத் தமிழில் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். பணக் கணக்கில்தான் மொழி சீக்கிரம் படியும். 15 வயதைக் கடந்த எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அரசுப் பள்ளிகளில் நடக்கும் எழுத்தறிவு வகுப்பில் சேரச் சொல்லலாம்.

கூட்ட நேரத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்குக் கூடும் குழுவில் தொழிற்சாலைக்குப் போகும் பெண்ணும் கட்டட வேலைக்குப் போகும் பெண்ணும் ஒருநாளும் சேர முடியாது. மாதத்தில் இரண்டு கூட்டங்களையாவது ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினால், இதுவரை வராதவர்கள் யார் என்பது அப்போதுதான் தெரியவரும். வீட்டு வாடகை, மின்கட்டணக் குழப்பம், தண்ணீர்க் குழாய் போன்ற சிக்கல்களையும் அவர்கள் அங்கே கொண்டுவருவார்கள். குழுவால் தீராததை, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுக்கலாம். மனு கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வெளியே வர வேண்டாம்.

ஊரை விட்டுப் போகும்போது

புலம்பெயர்ந்து வந்தவர்களில் பலர் மீண்டும் வேறிடம் போவார்கள். அப்படிப் போவதானால் ஒரு மாதத்துக்கு முன்பே குழுவில் சொல்லிவிடுங்கள். குழு விதிப்படி உள்கடன் பாக்கியைக் கழித்துக்கொண்டு உங்கள் சேமிப்பைத் திருப்பித் தருவார்கள். அதைத் தீர்மான நோட்டில் எழுதச் செய்து கையெழுத்திட்டு வாங்குங்கள். போஷண் டிராக்கர் பதிவை மாற்றித் தரும்படி அங்கன்வாடி டீச்சரிடமும், பிள்ளையின் மாற்றுச் சான்றிதழைப் பள்ளியிலும் கேளுங்கள். தாய் சேய் நல அட்டையும் தடுப்பூசி அட்டையும் பெட்டிக்குள் போகாமல் கைப்பையில் இருக்கட்டும். வேலையை விடும்போது பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணையும் இ.எஸ்.ஐ. எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டும் அடுத்த ஊரில் அப்படியே தொடரும்.